வாசலில் இறங்கும் மரக்கறி மூட்டை

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது பிரதேச சபை உறுப்பினர் ஒருவரின் வீட்டு வாசலில் ஒரு சாக்கு மூட்டை இறங்குகிறது. உள்ளே பத்துக் கிலோ கரட், ஒரு கட்டு லீக்ஸ், நாலு கோவா. தனியாக ஒரு பையில் இரண்டு கிலோ தேயிலைத்தூள். கொண்டுவந்த பையன், "அண்ணன் குடுக்கச் சொன்னாருங்க" என்று சொல்லிவிட்டு லொறியில் ஏறிப் போய்விடுகிறான். உறுப்பினர் வீட்டில் இல்லை. மழை தூறுகிறது என்று மனைவி மூட்டையை உள்ளே இழுத்து வைக்கிறார்.

இலங்கையின் மலையகத்தில் இலஞ்சம் பெரும்பாலும் இந்த உருவத்தில்தான் வாசல்படி ஏறுகிறது. முதல் நாளே காசுக் கட்டோடு யாரும் வருவதில்லை. மரக்கறி வரும், கேக் வரும், பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு சைக்கிள் வரும், போனுக்கு ரீலோட் வரும். ஆறு மாதம் கழித்து ஒரு பில் கையெழுத்துக்கு வரும்.

"இதென்ன பெரிய காசா? தோட்டத்துல வெளஞ்சது" என்பது வழக்கமான சமாதானம். மூட்டையின் விலையைக் கணக்குப் பார்ப்பது பிழையான இடத்தில் தொடங்குவது. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அனுப்பிய அண்ணனுடைய கோப்பு இப்போது எந்த மேசையில் இருக்கிறது? கடை உரிமம், கட்டட வரைபடம், வீதி ஒப்பந்தம், சந்தைக் குத்தகை, பாக்கியிருக்கும் பில் என்று ஏதாவது ஒன்று சபையில் கிடந்தால், அந்த மூட்டை அன்பளிப்பு ஆகாது. சபையில் எந்தக் கோப்பும் இல்லாத பெரியப்பா மகன் அதே மூட்டையை அனுப்பினால் அது வெறும் மரக்கறி.

சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பார்க்கிறது. 1954ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க இலஞ்சச் சட்டம் காசை மட்டும் சொல்லவில்லை. அன்பளிப்பு, கடன், தரகு, வேலை, ஒப்பந்தம், பழைய கடனைத் தள்ளிவிடுவது, சேவை, சலுகை, இவற்றில் ஒன்றைத் தருவதாகச் சொல்லும் வாக்குறுதி எல்லாமே அதற்குள் அடக்கம். "இத்தனை ரூபாய்க்குக் கீழே என்றால் பரவாயில்லை" என்ற கோடு அந்த வரைவிலக்கணத்தில் கிடையாது. திணைக்களம் ஒன்றோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவர் அங்குள்ள உத்தியோகத்தருக்கு எதையாவது கொடுத்தால், அந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு முன்னும் பின்னும் ஓராண்டு வரைக்கும் சட்டத்தின் கண் அதன்மேல் இருந்தது. "வேலை முடிஞ்ச பிறகு சந்தோசத்துக்குக் குடுத்தேன்" என்று சொல்லித் தப்பிக்க முடியாமல் போனது இதனால்தான். வாங்கியவர் "நான் ஒன்னும் செஞ்சு குடுக்கலையே, எனக்கு அந்த அதிகாரமே இல்லையே" என்று சொல்வதும் எடுபடாது. காரியத்துக்காகத் தருகிறார்கள் என்று தெரிந்தோ சந்தேகித்தோ வாங்கினாலே போதும், காரியம் நடந்திருக்கத் தேவையில்லை.

அந்தச் சட்டத்தின் இடத்தில் இப்போது இருப்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம். 2023 செப்டெம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. உள்ளூராட்சி சபை உறுப்பினர்களும் ஊழியர்களும் இரு சாராரும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். சொத்து விபரப் பிரகடனமும் இப்போது இந்தச் சட்டத்துக்குள்தான். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31ஆம் திகதி உள்ள நிலவரத்தை ஜூன் 30க்குள் கொடுக்க வேண்டும். வருமானத்துக்குப் பொருந்தாத சொத்து இருந்தால், அது எப்படி வந்தது என்று காட்ட வேண்டிய பாரம் வைத்திருப்பவர் தலையில். மனைவி பெயரில் வந்த ஸ்கூட்டியும் கணக்கில் வரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025 மே 6ஆம் திகதி நடந்த தேர்தலுக்குப் பிறகு சபைகளுக்குப் புதிய உறுப்பினர்கள் பலர் வந்திருக்கிறார்கள். அதைவிட முக்கியமானது, தோட்டத்துக்குள் சபைப் பணம் வரத் தொடங்கி அதிக காலம் ஆகவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக இருந்தது. தோட்டத்து மக்கள் வாக்குப் போடலாம், உறுப்பினராகலாம், ஆனால் லயத்துக்குப் போகும் பாதைக்குச் சபை ஒரு வண்டி மண் கொட்ட முடியாது. 2018ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதே ஆண்டு பெப்ரவரித் தேர்தலில் நுவரெலியா, அம்பகமுவ என்று இருந்த இரண்டு பிரதேச சபைகள் ஆறாகின: நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை, அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா. முப்பது வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த உரிமை அது. அந்தப் பணத்தில் போடும் முதல் கொங்கிரீட் பாதையே ஒரு மழைக்குப் பெயர்ந்தால், களவு போனது சீமெந்து மட்டும் இல்லை.

பரிசு எப்படிப் பாதையைத் தின்னும் என்று கணக்காகவே பார்க்கலாம். 100 மீற்றர் நீளம், இரண்டரை மீற்றர் அகலம், 4 அங்குலத் தடிப்பு. இது மலையகத்தில் சாதாரணமாகப் போடும் அளவு. ஏறத்தாழ 25 கன மீற்றர் கொங்கிரீட் வேண்டும். சராசரியாக ஓர் அங்குலம் குறைத்துவிட்டால் 6 கன மீற்றருக்கு மேல் மிச்சம். 1:2:4 கலவைக்கு ஒரு கன மீற்றருக்கு ஆறிலிருந்து ஆறரை மூட்டை சீமெந்து போகும். அப்படியென்றால் கிட்டத்தட்ட 40 மூட்டை சீமெந்து, அதற்கேற்ற மணல், சல்லி எல்லாம் பாதையில் இல்லை. இதற்குக் கொடுத்த விலை என்ன? வேலையை அளந்து கையெழுத்து வைக்கும் டி.ஓ.வுக்கு (தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு) ஒரு பகல் சாப்பாடு, மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல், தீபாவளிக்கு ஒரு மூட்டை.

ஓரத்தில் நின்று பார்த்தால் குறை தெரியாது. பக்கப் பலகை சரியாக 4 அங்குலம் இருக்கும், ஓரங்களில் கொங்கிரீட்டும் 4 அங்குலம் இருக்கும். நடுவில்தான் விளையாட்டு. அடி மண்ணை வெட்டி மட்டப்படுத்தாமல் மேடாக விட்டுவிடுவார்கள். நடுத்தடிப்பு இரண்டரை அங்குலத்துக்கு வந்துவிடும். ஆகவே அளக்க வேண்டியது கொட்டுவதற்கு முன். இரண்டு பக்கப் பலகைகளின் மேல் விளிம்புக்கும் குறுக்கே நூலை இழுத்துக் கட்டி, நூலிலிருந்து மண் வரைக்கும் டேப் பிடித்துப் பாருங்கள். பத்து மீற்றருக்கு ஓர் இடம், ஒவ்வோர் இடத்திலும் நடுவில் ஒன்று, இரு பக்கமும் கால்வாசித் தூரத்தில் ஒவ்வொன்று. அளவுப் புத்தகத்தில் அந்த எண்களும் அளந்த நேரமும் எழுதப்பட வேண்டும். கொட்டி முடித்த பிறகு வந்து நீள அகலத்தை மட்டும் அளந்து கையெழுத்து வைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. மெல்லிய நடுப்பகுதியில் கொழுந்து லொறி ஏறும்போது வெடிப்பு விழும். வெடிப்புக்குள் தண்ணீர் இறங்கும். சரிவுப் பாதை என்பதால் அடி மண் அரித்துக்கொண்டு போகும். ஹட்டன் பக்கம் மே மாதத்தில் தொடங்கும் தென்மேல் பருவ மழை ஒன்று போதும்.

உறுப்பினர் அந்த இடத்துக்குப் போய் நூல் பிடிக்கச் சொல்ல வேண்டியவர். மூட்டையை வாங்கியவரால் அதைச் சொல்ல முடியாது. வாய் வராது. பரிசு வேலை செய்வது இப்படித்தான். யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சரி, மூட்டை இறங்கிவிட்டது. என்ன செய்வது?

முதலில் வீட்டாருக்குச் சொல்லி வையுங்கள். பெரும்பாலான பரிசு உறுப்பினரின் கைக்கு வருவதில்லை, மனைவி, அம்மா, பாடசாலை விட்டு வரும் பிள்ளை ஆகியோரின் கைக்குத்தான் வருகிறது. "அவர் இல்லாம நாங்க எதுவும் எடுக்கமாட்டோங்க, கோவிச்சுக்காதீங்க" என்ற ஒரு வாக்கியம் போதும். அதே லொறியில் திரும்பிப் போவதுதான் எல்லாவற்றிலும் சுத்தமான வழி. லொறி போய்விட்டால் அன்றே, முடியாவிட்டால் மறுநாள், ஒரு சின்னக் கடிதத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும். கடிதத்தின் பிரதி ஒன்றைச் சபைச் செயலாளரிடம் கொடுத்துத் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அழுகிப் போகும் பொருள், அனுப்பியவர் யாரென்றும் தெரியவில்லை என்றால், முதியோர் இல்லத்துக்கோ முன்பள்ளிக்கோ கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கலாம். வீட்டில் சமைத்துவிட்டுப் பிறகு காசு கொடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தப் "பிறகு" வருவதேயில்லை.

சபைக்கு ஒரு பரிசுப் பதிவேடு வேண்டும். இதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஒரு சி.ஆர். கொப்பி, பக்க இலக்கம் போட்டது, செயலாளரின் அலுமாரியில் இருந்தால் போதும். திகதி, கொண்டுவந்தவர், கொடுத்தனுப்பியவர், பொருள், மதிப்பு, கொடுத்தவருக்குச் சபையில் நிலுவையிலுள்ள விடயம், பொருளுக்கு என்ன நடந்தது, இரண்டு கையெழுத்து. இதில் ஆறாவது கட்டம்தான் உயிர். அதை வெறுமையாக விட்டால் பதிவேடு வெறும் சாமான் பட்டியலாகிவிடும். வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதையும் எழுத வேண்டும். பின்னொரு நாள் "அவருக்கும் குடுத்தேனே" என்று ஒருவர் கதை கட்டினால் உங்களைக் காப்பாற்றுவது அந்த ஒரு வரி.

பொன்னாடை, மாலை, கோவில் பிரசாதம், கூட்டத்தில் ஊற்றும் பிளேன்டீ, கலண்டர், டயறி இவற்றையெல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பத்துப் பேர் முன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கொடுப்பது வேறு, இருட்டிய பிறகு ஒருவர் வீட்டுக்கு மட்டும் வருவது வேறு. சபைக்கென்று கொடுக்கும் நாற்காலியோ கணினியோ சபையின் பொருட்பதிவேட்டில் இலக்கத்தோடு ஏற வேண்டும். தவிசாளர் வீட்டு வரவேற்பறையில் அது இருக்கக்கூடாது.

காசு உறை வந்தால் முறை வேறு. அதைத் தனியாகக் கொண்டுபோய்க் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கொடுத்தது தெரிந்த மூன்றாம் ஆள் இருப்பார், திருப்பியது யாருக்கும் தெரியாது. உறையைப் பிரிக்காமல், இன்னொருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, உடனே செயலாளருக்கு அறிவித்து, இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். கொடுப்பதும் குற்றம்தான். அதை மூடி மறைத்து உதவி செய்ய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பரிசைவிடக் கஷ்டமானது உறவு. எங்கள் ஊர்களில் ஒரு டிவிஷனுக்குள் பாதிப் பேர் மாமன் மச்சான். சபையின் கடைத் தொகுதியில் ஒரு கடை குத்தகைக்கு வருகிறது, விண்ணப்பித்தவர்களில் உறுப்பினரின் மைத்துனரும் ஒருவர். மைத்துனருக்கும் விண்ணப்பிக்க உரிமை உண்டு, பிழை அதில் இல்லை. உறுப்பினர் அந்த முடிவில் கை வைப்பதுதான் பிழை. அந்த விடயத்துக்கு வந்தவுடன், கதைக்கத் தொடங்குமுன், எழுந்து உறவைச் சொல்லிவிட்டு மண்டபத்தை விட்டு வெளியே போக வேண்டும். வாக்களிக்காமல் கதிரையிலேயே உட்கார்ந்திருப்பது போதாது. முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுத்துப் பேச மற்றவர்களுக்கு மனம் வராது. கூட்டக் குறிப்பில் இப்படி இருக்க வேண்டும்: "விடயம் 7, கடை இல. 12 குத்தகை. விண்ணப்பதாரர் தமது மைத்துனர் என உறுப்பினர் வெளிப்படுத்தி மு.ப. 10.40க்கு வெளியேறினார். விடயம் முடிவடைந்த பின் 10.55க்குத் திரும்பினார். கலந்துரையாடலிலும் வாக்கெடுப்பிலும் பங்கேற்கவில்லை." தவிசாளருக்கே அந்த நிலை என்றால் அந்த விடயத்துக்கு உப தவிசாளர் தலைமை தாங்கட்டும். முதல் நாள் இரவே ஐந்து உறுப்பினருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு மறுநாள் வெளியே போய் நிற்பதில் பயன் இல்லை. பெறுகைக் குழுவிலும் தொழில்நுட்ப மதிப்பீட்டுக் குழுவிலும் இருப்பவர்கள் விலைமனுவைப் பார்க்குமுன் இதை எழுத்திலேயே கொடுக்க வேண்டும்.

அடிக்கடி கண்ணுக்குத் தப்பும் இடங்கள் சில உண்டு. மண்சரிவுக்குப் பாதை துப்புரவாக்க அவசரமாக வாடகைக்கு எடுக்கும் பெக்கோ (மண் அள்ளும் இயந்திரம்) யாருடையது? உரிமைப் பத்திரத்தில் இருப்பது பினாமி பெயரா? தற்காலிக ஊழியர் பட்டியலில் யார் யாருடைய பிள்ளைகள்? சபையின் தண்ணீர் பவுசர் யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனது, அதற்குக் கட்டணப் பற்றுச்சீட்டு உண்டா? அவசரம் என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் இரண்டு முறை பாருங்கள்.

கட்டட வரைபட அனுமதியில் பரிசு உயிருக்கே உலை வைக்கும். சரிவான காணியில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை கேட்பது வெறும் கடதாசிக்காக இல்லை. மண்ணை வெட்டிய உயரம், தாங்கு சுவர், மழைநீர் வடிந்து போகும் வழி ஆகியவற்றை அது சொல்கிறது. அந்த நிபந்தனைகளில் ஒன்றைப் பார்க்காமல் விட்டதற்கான விலையைக் கட்டுவது கீழே லயத்தில் இருப்பவர்.

உறுப்பினரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். மெம்பர் ஆனவுடன் ஊர் அவரிடம் கை நீட்டுகிறது. சாவு வீட்டுக்குக் கூடாரம், காதுகுத்துக்கு மொய், தேருக்கு ஒரு நாள் உபயம், கிரிக்கெட் குழுவுக்குச் சட்டை. சபைக் கொடுப்பனவு அதில் ஒரு மாதத்துக்குக்கூடப் போதாது. "நீங்க கவலப்படாதீங்க மெம்பரய்யா, நான் பாத்துக்கிறேன்" என்று ஒப்பந்தக்காரர் வருவது அந்த நேரத்தில்தான். தேருக்கு உபயம் உறுப்பினர் பெயரில், காசு ஒப்பந்தக்காரருடையது. கோவிலுக்குப் போனது என்பதால் அது புண்ணியமாகிவிடாது, பேர் வாங்கியவர் உறுப்பினர். கோவில் தலைவர்களும் சனசமூக நிலையங்களும் பதவிக்காக ஒருவரிடம் காசு கேட்பதை நிறுத்தினால், இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும்.

இன்னொரு கண்ணி மொழி. படிவம் சிங்களத்தில் மட்டும் இருந்தால் நடுவில் ஒருவர் வருவார். நிரப்பிக் கொடுக்க ஒரு தொகை, "உள்ளே குடுக்க" இன்னொரு தொகை. உள்ளே ஒருவரும் வாங்காமலிருக்கவும் கூடும், பெயர் கெடுவது மட்டும் அவர்களுக்கு. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. தமிழ்ப் படிவத்தையும் கட்டண விபரத்தையும் சுவரில் ஒட்டுவது இலஞ்ச ஒழிப்பில் மிக மலிவான வேலை.

மக்கள் பக்கத்தில் இரண்டு வழிகள் கையோடு இருக்கின்றன. ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. சபையின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "ஊழல் பற்றிய விபரம் தாருங்கள்" என்று எழுதினால் ஒன்றும் வராது. "இன்ன பாதையின் மதிப்பீட்டு அறிக்கை, அளவுப் புத்தகப் பக்கங்கள், கொடுப்பனவு உறுதிச்சீட்டு ஆகியவற்றின் பிரதிகள்" என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

மற்றது 1954க்கு அழைப்பது. தமிழிலேயே சொல்லலாம். கேட்டவரின் பதவி, கேட்ட நாள், நேரம், இடம், கோப்பு இலக்கம், கேட்ட வார்த்தை, எவ்வளவு, எப்போது கொண்டுவரச் சொன்னார் ஆகியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காசு கொடுப்பதற்கு முன் அழைப்பதுதான் நல்லது. சுற்றிவளைப்பு என்றால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் ஆள் ஒருவர் கூடவே வருவது வழக்கம். பெரும்பாலும் காரியம் கெட்டுப்போவது ஒரே காரணத்தால்: ஆத்திரத்தில் முகப்புத்தகத்தில் எழுதிவிடுவது. மாலைக்குள் சம்பந்தப்பட்டவருக்குச் செய்தி போய்விடும். பழிவாங்கப் பொய் முறைப்பாடு செய்வதும் குற்றம், ஆகவே தெரிந்ததை மட்டும் சொல்லுங்கள்.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது தவிசாளரும் செயலாளரும் கையெழுத்து வைத்து, சபையில் பதிவுள்ள எல்லா ஒப்பந்தக்காரர், குத்தகைக்காரர், கடை உரிமையாளருக்கும் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம். வாசகம் இவ்வளவு இருந்தால் போதும்:

"பண்டிகைக் காலத்தில் எமது உறுப்பினர்களுக்கோ ஊழியர்களுக்கோ அவர்களது வீட்டாருக்கோ எந்த அன்பளிப்பும் அனுப்ப வேண்டாம் எனத் தயவுடன் கேட்டுக்கொள்கிறோம். அனுப்பப்படும் பொருள் திருப்பி அனுப்பப்படும். அனுப்பியவரின் பெயர் பரிசுப் பதிவேட்டில் பதியப்பட்டு அடுத்த சபைக் கூட்டத்தில் வாசிக்கப்படும். உங்களது கொடுப்பனவு அல்லது அனுமதி தாமதமாகியிருந்தால் கோப்பு இலக்கத்துடன் செயலாளருக்கு எழுதுங்கள்."